செத்த நேரம்

அத்தியாயம் 11

கௌசல்யா தியானத்தில் இருந்தாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கண் மூடியிருந்தது. முதுகு நேராக இருந்தது. இரண்டு கைகளும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மனசு மட்டும் மொட்டைமாடியில் இருந்தது. மோட்டாரை நிறுத்த மருமகள் தீபா மறந்துவிட்டாள். தொட்டி நிறைந்து பக்கத்து வீட்டுச் சுவரில் சளசளவென்று ஊற்றுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. எழுந்து போய் சுவிட்சை அணைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் மோட்டாருக்காக எழுந்து ஓடினால் அது என்ன தியானம்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயையோ, மோட்டாரு!" என்று தீபா ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்த வீடு பழகியிருக்கும். இப்போதுதான் உள்ளே நுழைந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் இந்த வீட்டின் பெரியவர் பெருமாள்சாமி. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் மனைவி கௌசல்யா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, எரியோட்டிலிருந்து துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மகன் முகேஷ்குமார் பயந்துபோய் அவளை ரொனால்டு சாரின் தியான வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான். சேர்த்த நாளிலிருந்து அம்மா தேறிவிட்டாள். வகுப்புக்குப் போகவே வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று காலையும் மாலையும் உட்காருகிறாள். அந்தத் தெம்பில்தான் மில்லில் மெஷின் பார்க்கிற முகேஷ், மஸ்கட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் கம்பெனியில் கிடைத்த வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கத் தொடங்கினான். இன்று இரவு எட்டு மணிக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

அம்மா நன்றாக இருந்தால் போவான். இல்லையென்றால் போகமாட்டான்.

அம்மா நன்றாக இல்லை. அதை அவளைத் தவிர யாரும் அறியவில்லை.

ரொனால்டு சாரைக் குறை சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனக்குக் கைகொடுத்ததை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்போமே என்று ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு நடத்துகிறார். மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். முதல் நாள் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, குரலை முடிந்தமட்டும் தணித்துக்கொண்டு சொன்னார்:

"செத்த நேரம் கண்ண மூடுங்க."

கௌசல்யா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் என்பதை இந்தப் பக்கம் செத்த நேரம் என்றுதான் சொல்வோம். பஸ் கண்டக்டர் செத்த உள்ளே தள்ளிப் போகச் சொல்வார். பால்காரர் செத்தப் பொறுக்கச் சொல்வார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து, "செத்த இந்தப் பக்கம் திரும்புங்க," என்று போட்டோக்காரர் சொல்வார். யாரும் முகம் சுளிப்பதில்லை. கௌசல்யாவே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை, ஆஸ்பத்திரியில் அந்தக் காலை நேரம் வரைக்கும்.

அன்றைக்குப் பெருமாள்சாமி படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார். மனைவியின் கையை விடவில்லை. அவளுக்கோ கீழே போய் வெந்நீர் வாங்க வேண்டியிருந்தது.

"செத்த நேரம் கண்ண மூடிப் படுங்க. வெந்நீர் வாங்கிட்டு ஓடியாந்துர்றேன்."

படுத்தார். கண்ணை மூடினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிளாஸ்க்கோடு அவள் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி நர்சுகள் நின்றார்கள். முகேஷ் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான்.

வார்த்தையால் யாரும் சாவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் விளக்கியதும் புரிந்தது. ஆனாலும், பாழாப்போன வாய்க்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று மனசு கிடந்து அரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார்கள். அது இன்னும் மோசம்.

வகுப்பு முடியும்வரை செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தவளை முகேஷ் பைக்கில் வந்து கூட்டிப்போனான். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டபோது அவன் முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு. "நல்லா இருந்துச்சுப்பா," என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது வினை.

நடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதிலிருந்த வசதி தெரிந்தது. கண்ணை மூடினால் யாரும் கிட்டே வருவதில்லை. சாப்பிடச் சொல்லி உயிரை எடுப்பதில்லை. பெரிய நாத்தனார்கூட, "அவ சாமி மாதிரி உக்காந்திருக்கா," என்று காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். ஆனால் சும்மா கண்ணை மூடி உட்காருவது எவ்வளவு அலுப்பான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எழுந்திருக்கும்போது நாளெல்லாம் களை எடுத்தவளைப் போல இடுப்பு விட்டுப்போகும்.

"அத்தை, முடிஞ்சிருச்சா?"

தீபா காபியோடு நின்றாள். மருந்துக் கடை வேலைக்கு இன்று லீவு போட்டிருந்தாள்.

"ம்."

"சாம்பார் வச்சுட்டேன். வெஞ்சனத்துக்கு என்ன செய்யட்டும்? பீர்க்கங்காய் இருக்கு, முட்டைக்கோஸ் இருக்கு."

"எதையாச்சும் செய்யி தாயி."

தீபா போகவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"அவரு போயிட்டா நாம ரெண்டு பேருந்தான் அத்தை. உங்களுக்குச் சம்மதமா?"

"ஒனக்கு?"

"என்னையவா கேக்குறீங்க?" தீபா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஆனா அவரு ஒரு வாக்குக் குடுத்திருக்காரு. சாயங்காலம் ரொனால்டு சார் நம்ம வீட்டுக்கு வந்து எல்லாரையும் தியானத்துல உக்கார வைக்கப் போறாராம். சார் போனதுக்கப்புறம் நாம மூணு பேரும் பேசுவோம், பேசிட்டுத்தான் பதில் சொல்லுவேன்னு, காலையில மில்லுக்குக் கெளம்பும்போதுகூட என் தலையில கைய வச்சு சத்தியம் பண்ணிட்டுப் போனாரு."

"அப்பப் பேசிக்கிருவோம்," என்று சொல்லிவிட்டு கௌசல்யா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். தீபா சற்று நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம் வந்தாள். சுவர் நனைந்ததற்குச் சண்டை போட வந்தவள், கையில் ஒரு கிண்ணம் நெய்ச்சோறும் கொண்டுவந்திருந்தாள். அவள் சண்டை அப்படித்தான் இருக்கும். கொலுசுச் சத்தம் கேட்டதும் கௌசல்யா அவசரமாகக் கண்ணை மூடினாள். குர்ஷித் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தியானத்துல இருக்கவங்க ஈ ஓட்ட மாட்டாங்க."

கௌசல்யாவின் கை மூக்கருகில் அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"தீபா இல்லையே?"

"குளிக்கப் போயிருக்கு, பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரரு மௌத்தாகிப் போயி நான் இத்தாவுல வெளிய வராம இருந்தேன்ல, அப்ப யாராச்சும் பேச வந்தா தஸ்பீஹ் மணியக் கையில எடுத்துக்கிருவேன். அவ ஓதுறா, தொந்தரவு பண்ணாதீங்கன்னு போயிருவாங்க. பாதி நாளு ஒண்ணுமே ஓதல. அல்லா மன்னிக்கணும்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது கௌசல்யாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. குர்ஷித் ஒன்றும் கேட்காமல் அவள் முதுகைத் தடவினாள்.

"புள்ளைக்கிட்டச் சொல்லிருங்கக்கா, எனக்கு முடியலன்னு."

"சொன்னாப் போகமாட்டான்."

"போகாட்டி என்ன?"

"என்னாலதான் அவன் பொழப்பு நின்னுச்சுன்னு ஆயிரும். ஏற்கெனவே என் வாயால ஆனது போதாதா?"

குர்ஷித்துக்கு அது புரியவில்லை. "எம்மவன் ஜித்தாவுல இருக்கான். தெனம் வீடியோவுல வந்து நல்லா இருக்கேன்மாங்குறான். நானும் நல்லா இருக்கேன்ப்பாங்குறேன். ரெண்டுமே பொய்யி. என்னத்தச் சொல்ல?" எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "மூஞ்சியெல்லாம் வாடிக்கெடக்கு. செத்த நேரம் கண்ண மூடிப் படுங்கக்கா."

கௌசல்யாவின் முகம் போன போக்கைப் பார்த்து, நாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமலே குர்ஷித் போனாள்.

அதற்குப் பிறகு கௌசல்யா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ரொனால்டு சார் அதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழக்கூடாது. இன்று ஒரு பொழுது ஒழுங்காக நடித்துவிட்டால் பிள்ளை கரையேறிவிடுவான். அப்புறம் படுத்துக்கொள்ளலாம், அழலாம், யாருக்கு என்ன? அவ்வளவு களைப்பாக இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ரொனால்டு சார் ரெயின்கோட்டை வாசலில் உதறிவிட்டு, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார். முகேஷ் மில்லிலிருந்து வந்து குளித்து, ஜமக்காளம் விரித்துத் தயாராக இருந்தான். அப்பாவின் படத்துக்கு எதிரே நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"நிமிந்து உக்காருங்க. தோளத் தளத்துங்க. அம்புட்டுத்தான். இப்ப எல்லாரும் செ..."

நிறுத்தினார். இருமினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரைப் போல ஒவ்வொரு எழுத்தாக, "கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க," என்றார்.

கௌசல்யா மூடிய கண்ணைத் திறந்துவிட்டாள்.

ரொனால்டு சாராவது, கொஞ்ச நேரம் என்பதாவது! திண்டுக்கல்லிலேயே பிறந்து திண்டுக்கல்லிலேயே நரைத்த மனிதர். இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். யார்? அவள்தான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லையே.

எதிரே முகேஷும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூச்சு உள்ள போகுது. வெளிய வருது. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா பாருங்க," என்றார் ரொனால்டு சார். தாயும் மகனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தீபா ஒருத்திதான் நிஜமாகவே கண்ணை மூடி, சொன்னபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் சார் கண்ணைத் திறந்து, "அருமையா உக்காந்தீங்கம்மா!" என்று பாராட்டினார். மழை வலுப்பதற்குள் போகிறேன் என்று காபிகூடக் குடிக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். தீபா பஜ்ஜி போட அடுப்படிக்குப் போனாள்.

"ஒனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டாள் கௌசல்யா.

முகேஷ் மழுப்பவில்லை. "மாத்திரை வாங்கிட்டு வந்து கதவுகிட்ட நின்னேன்மா. நீ அப்பாகிட்டச் சொன்னது காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாரு அந்த வார்த்தையச் சொன்னாலும் உன் மொகம் மாறுது. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"அப்ப, நான் தியானம்..."

"ஒருநாளும் பண்ணல. மோட்டாரு ஓடுனா உன் கால் கட்டைவெரலு ஆடுதும்மா."

வெட்கம் வர வேண்டிய இடத்தில் கௌசல்யாவுக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேதான் அம்மா தேறிட்டான்னு ஊரெல்லாம் சொன்னியா? தெரிஞ்சுக்கிட்டேதான் மஸ்கட்டுக்குப் போகப் பாத்தியா?"

"நீ நல்லா இருக்கேன்னு நம்பிக்கிட்டாத்தான் என்னால போக முடியும். அதுனால நம்பிக்கிட்டேன்."

"அம்புட்டு ஆசையாடா அந்த வேலை மேல?"

"வேலை மேல இல்லம்மா. இந்த வீட்டுல இருக்க முடியல." அவன் அப்பாவின் படத்தைப் பார்த்தான். "நீ வெந்நீருக்குப் போனதும் நான் உள்ள போனேன். அப்பா கண்ண மூடியிருந்தாரு. நல்லாத் தூங்குறாருன்னு நெனச்சேன். ஸ்டூல்ல உக்காந்து போனப் பாத்துக்கிட்டிருந்தேன். கிரிக்கெட்டும்மா. அப்பா பக்கத்துலயே உக்காந்து கிரிக்கெட்டு பாத்துக்கிட்டிருந்தேன். நர்சு வந்து தொட்டுப் பாத்துத்தான் எனக்கே..."



 ஆடியிலிருந்து தன் வாய் ஒன்றுதான் குற்றவாளி என்று கௌசல்யா அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள். கைக்கெட்டுகிற தூரத்தில் பெற்ற பிள்ளை இப்படி வெந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எங்கிருந்து தெரியும்?

"இங்க வாடா."

வந்தான். சுடுகாட்டில் கொள்ளி வைத்தபோதுகூட அழாதவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீ பாத்த கிரிக்கெட்டுல அப்பா போகலடா. நான் சொன்ன வார்த்தையிலயும் போகல. அவரு தூங்குனாரு. கடைசியா அவரு பக்கத்துல நீ இருந்த. தனியாப் போகல, அது போதும்."

அவனுக்காகச் சொன்னதுதான். சொல்லும்போது அது தன் காதிலும் விழுந்தது. முழுசாக நம்பினாள் என்று சொல்லமுடியாது. ஆனால் அத்தனை நாளில் முதல் தடவையாக, இழுத்த மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

"போகாதடா," என்றாள் திடீரென்று. "போன்னு சொல்லத்தான் இருந்தேன். இப்பச் சொல்றேன், போகாத. அடுத்த வருசம் போ. இந்த மனசோட போனா அங்க தனியாக் கெடந்து இதையேதான் நெனச்சுக்கிட்டிருப்ப. எனக்கும் நீ வேணும்டா."

மடியில் அழுகை நின்றது. அவன் தலையைத் தூக்கவில்லை.

"அம்மா... நான் காலையிலயே மஸ்கட் கம்பெனிக்குச் சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"என்னடா சொல்ற? அப்ப சார எதுக்கு வரச் சொன்ன?"

"நீ உக்காந்திருக்கத ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியாப் போயிரலாம்னு..."

அடுப்படி வாசலில் தீபா பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"காலையிலயேவா?" என்றாள். குரல் உயரவில்லை. "என் தலையில கைய வச்சீங்களே, அப்ப அனுப்பியாச்சா, இல்ல அதுக்கப்புறம் அனுப்புனீங்களா?"

முகேஷ் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மனைவியைப் பார்க்க முடியாமல் அம்மாவைப் பார்த்தான். சின்ன வயசில் ஏதாவது உடைத்துவிட்டு மாட்டிக்கொண்டால் பார்க்கிற அதே பார்வை.

கௌசல்யாவின் இமைகள் தாமாகவே இறங்கின. இத்தனை நாள் பழக்கம். இப்போது கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் போதும். அத்தை தியானத்தில் இருக்கிறார்கள் என்று தீபா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அழுவதை அடுப்படியில் அழுதுகொள்வாள். பேச்சு நாளைக்குத் தள்ளிப்போகும். உடம்பும் அதைத்தான் கெஞ்சியது.

கௌசல்யா கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். மருமகள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"கேக்குறாள்ல?" என்றாள், மகனைப் பார்த்து. "சொல்லு."